ஒரு குறை குறைகிறது

மாவு மில்லில் மேசை மேல் கிடந்த காகிதத்தில் தன் பெயரைப் பார்த்ததும் தெரசாவுக்குத் திக்கென்றது.

'பொருள்: செவிலியர் தெரசா மீது புகார்.' அதற்குக் கீழே கைநாட்டுகளும் கையெழுத்துகளும்.

"என்னண்ணே இது?"

மில்காரர் குழந்தைசாமி சட்டென்று அதன் மேல் எடைக்கல்லைத் தூக்கி வைத்தார். "ஒண்ணுமில்லீங்க நர்ஸம்மா. கோயில் காரியம்."

"கோயில் காரியத்துல எம்பேரு எதுக்கு?"

அவர் மில்லை ஓட விட்டார். இனி அந்தக் கோயில் சாமியே வந்து பேசினாலும் கேட்காது. மாவு படிந்த கையில் கட்டைவிரல் மட்டும் நீலமாக இருந்தது.

வாரத்தில் ஒருநாள்தான் லீவு. ராகி அரைக்க வேண்டும். தையல்கார கலைமணியிடம் கொடுத்த கவுனை வாங்கித் தபாலில் போட வேண்டும். திங்கட்கிழமை மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். மகளும் அவள் அப்பாவும் தூத்துக்குடியில்.

தெரசா கொல்லிமலைக்கு வந்து இரண்டரை வருடமாகிறது. மாறுதல் கேட்டு மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டாள். மூன்று முறையும் மேலிடத்தில் ஒரே பதில். "மலையில உங்களுக்கு நல்ல பேராச்சேம்மா, அங்கயே இருங்க."

நல்ல பேர்! அதன் லட்சணம்தான் எடைக்கல்லுக்கு அடியில் கிடக்கிறதே.

கலைமணி இடுப்பில் குழந்தையுடன் கவுனை விரித்துக் காட்டினாள்.

"அளவு சரியா இருக்குமா கலை?"

"நீங்க போன்ல பாத்துச் சொன்ன அளவுதானுங்க. புள்ள வளந்திருந்தா என்ன பண்றதுன்னு ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு வெச்சிருக்கேன். பிரிச்சு உட்டுக்கலாம்."

தெரசா அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் உயரம் தெரியவில்லை. போனில் முகம் மட்டும்தானே தெரிகிறது.

"எம்மேல புகார் எழுதுறாங்களாமே, உனக்குத் தெரியுமா?"

கலைமணி அவசரமாக ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். "எனக்கொண்ணும் தெரியாதுங்க. பொன்னாயக்காதான்..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பொன்னாயியா?

தெரசா குடியிருப்பது பொன்னாயியின் வீட்டில்தான். காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த மனுஷி. கூடவே இருந்து குழி பறிப்பது என்பது இதுதான் போலிருக்கிறது.

தபாலாபீஸ் வாசலில் மட்டும் சிக்னல் கிடைத்தது. பார்சலைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள்.

"எம்மா, பிறந்தநாளைக்கு வருவியா?"

"புது கவுன் வருது கண்ணு."

"கவுனு வேண்டாம். நீ வா."

போனை வைத்த பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றாள். கீழே போகும் பஸ் ஒன்று அவளுக்காக நின்று பார்த்துவிட்டு, அவள் ஏறாததால் கிளம்பிப் போனது. அதில் ஏறிவிடத்தான் மனம் அடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தால் பொன்னாயியின் கையில் அதே காகிதம். மில்லிலிருந்து வாங்கி வந்துவிட்டாள் போல. தெரசாவைக் கண்டதும் முறத்துக்கு அடியில் ஒளிக்கப் பார்த்தாள்.

"குடுங்கக்கா அத."

பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தாள்.

'ஒன்று: மழை பெய்தால், பிரசவத்துக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டார்.' பக்கத்தில் கலைமணியின் கையெழுத்து. போன ஐப்பசியில் கொட்டுகிற மழையில் மூன்று மைல் நடந்து போய், தெரசா தன் கையில் ஏந்தியெடுத்த பிள்ளைதான் இன்று அவள் இடுப்பில் இருந்தது.

'இரண்டு: நோயாளிகளைக் கண்டபடி திட்டுகிறார்.' பக்கத்தில் குழந்தைசாமியின் கைநாட்டு. இது நிஜம்தான். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடாத ஆளைத் திட்டாமல் கொஞ்சவா முடியும்?

"உங்க வீட்ல ஒருத்தியாத்தானே இருந்தேன்? நான் வேண்டாம்னா நேரா சொல்லியிருக்கலாமேக்கா!" சொல்லும்போதே தெரசாவுக்கு அழுகை வந்துவிட்டது.

பொன்னாயி பதறிப்போனாள்.

"ஐயோ சாமி, அழுவாதீங்க! உங்களுக்கு முந்தி இருந்த அந்தம்மா வேலைக்கே சரியா வராதுங்க. புகார் எழுதிப் போட்டோம். பத்தே நாள்ல அந்தம்மாவோட சொந்த ஊருக்கே மாத்திப்போட்டாங்க. உங்கள நல்லவங்கன்னு எழுதுனா இங்கயேதானுங்களே வெச்சுக்குவாங்க? உங்க புள்ள கூப்புட்டதயும், எப்ப வருவேன்னு கேட்டதயும் சொல்லிச் சொல்லி நீங்க கலங்கறத ரெண்டரை வருசமா பாக்கறனுங்களே!"

தெரசா மறுபடி குனிந்து பார்த்தாள். காகிதத்தில் 'மூன்று' என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தது.

பொன்னாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்.

"மூணு குறையாவது இருந்தாத்தான் எடுபடும்னு எழுதிக் குடுத்தவரு சொல்றாருங்க. அரியூர் நாட்டுல ஊர் ஊராக் கேட்டுப் பாத்துட்டோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் தோண மாட்டேங்குது. நீங்களே ஒண்ணு சொல்லுங்க கண்ணு!"