மரத்தடி இருட்டு

"இன்னும் இருட்டாவே இருக்கும்மா. அந்த மரத்தடியில வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏத்து."

அப்பா கேமரா வாங்கி ஒரு மாதம் ஆகிறது. ஒரே காட்சியை வெளிச்சம் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று, சாதாரணமாக ஒன்று என மூன்று முறை எடுப்பார். மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்ப்பது என் தலையெழுத்து. அப்படிச் செய்தால் வானமும் வெளுக்காது, நிழலும் கறுக்காது என்று யூடியூபில் எவனோ சொல்லிவிட்டானாம்.

ஏற்றினேன். பின்னால் இருந்த மலை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது.

"போதும்ப்பா! கல்யாண ஆல்பத்துலகூட இவ்வளவு வெளுப்பு இருக்காது."

"மரத்தடி தெரியலையே?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. சாதாரணமாக எடுத்த படத்தை மட்டும் திறந்தேன்.

"இதுலயே எல்லாம் பளிச்சுனு தெரியுது. இதோ ரோட்டு வளைவு, இதோ மரம். அதுக்குக் கீழ சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க ஒரு பாப்பா."

"எந்தப் பாப்பா?"

விளையாடுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

"அப்போ கேமராவுல கோளாறு இல்ல..." என்றார் மெதுவாக.



சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"அந்த வளைவுலதான் தினமும் திரும்புறேன். ஸ்கூலுக்கு போன் போடும்மா. நாளைக்கு பஸ்ஸுக்கு வேற டிரைவரைப் பாக்கச் சொல்லு."