ஹீலியம் எங்கே உட்காரும்?

“மறுபடியும் தப்பு!” மகள் புத்தகத்தைப் படாரென்று மூடினாள். “நாளைக்குக் காலைல இப்படி உளறினீங்கன்னா மானமே போயிடும்ப்பா.”

அப்பா வெந்நீர் வாளிக்குள் கால்களை விட்டபடி நாற்காலியில் சரிந்து கிடந்தார். பகலெல்லாம் வெயிலில் நின்று கத்தியதில் தொண்டையும் கட்டியிருந்தது. நாற்பது தாண்டிய பிறகு வேதியியலைப் படி என்றால் யாருக்குத்தான் அலுக்காது?

“யாரோ வேலைய விட்டுப் போனா, அத உங்க தலைலயா கட்டுவாங்க? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“சொல்லிப் பாத்தேன். முடியலன்னா வேற வேலை பாத்துக்கங்கன்னுட்டாங்க.”

அம்மா டீக்குத் தண்ணீர் வைத்தாள். அந்த ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

“சரி, சோடியம்?” மகள் விடுவதாக இல்லை.

“உள்ள ரெண்டு எலக்ட்ரான், அப்புறம் எட்டு, கடைசிக் கூட்டுல ஒண்ணு. கடைசில ஒண்ணுன்னா முதல் தொகுதி.”

“குளோரின்?”

“கடைசிக் கூட்டுல ஏழு. மூணும் அதுக்கு மேலயும் இருந்தா பத்தைக் கூட்டிக்கணும். பதினேழாவது தொகுதி.”

“சூப்பர்! ஹீலியம்?”

“மொத்தமே ரெண்டு. அப்ப ரெண்டாவது தொகுதி.”

“ஐயோ அப்பா! பதினெட்டு!”

“ரெண்ட வெச்சுக்கிட்டு, எட்டு வெச்சிருக்கறவன் தொகுதில போய் எப்படிம்மா உட்காரும்? இது என்ன நியாயம்?”

“அது அப்படித்தான். மனப்பாடம் பண்ணிக்குங்க. ஏன்னு எனக்கும் யாரும் சொல்லித் தரல.”

மனப்பாடம் என்றாலே அவருக்குச் சின்ன வயதிலிருந்து வேப்பங்காய். கண்களை மூடிக்கொண்டார். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அம்மா டீயோடு வந்தாள். “இத மொதல்ல குடிங்க. ஹீலியம் எங்கயும் ஓடிடாது.”

“அது காத்துடி. ஓடினாலும் ஓடும்.”

பாதி டீயில் சட்டென்று நிமிர்ந்தார். “ஏம்மா, அந்த முதல் கூட்டுல எத்தனை பேருக்கு இடம்?”

“ரெண்டே பேருக்குத்தான்.”

“அப்படிச் சொல்லு! இறகுப்பந்துல டபுள்ஸ் மாதிரி. ரெண்டு பேர் வந்துட்டா டீம் ஃபுல். புதுசா ஆள் சேக்கவும் வேணாம், இருக்கறவன வெளிய அனுப்பவும் வேணாம். எட்டுப் பேர் நிறைஞ்ச டீமும் அப்படித்தானே, யாரையும் தேடாது? ரெண்டு டீமுக்கும் ஒரே குணம். அதான் ஒரே தொகுதி!”

மகள் வாயைப் பிளந்தாள். மடியிலிருந்து புத்தகம் நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. பொதுத்தேர்வை நினைத்து நினைத்து வாடிப்போயிருந்த முகம் அன்றுதான் கொஞ்சம் தெளிந்தது.

“இதையே நாளைக்கு எங்க கெமிஸ்ட்ரி கிளாஸ்ல நடத்திடுங்க, பி.டி. சார்!”