துவைக்கிற கல்
இரவு ஷிப்ட் முடிந்து வந்து நிற்கிறேன். அம்மா கிணற்றடியில் என் கம்பெனிச் சட்டையைத் துவைக்கிறாள். கறை எப்போதோ போய்விட்டது, இன்னும் அடிக்கிறாள். சிப்காட் புகைக்குள் வெயில் பழுப்பாக விழுகிறது. பக்கத்து நிலத்தில் புதிய தொழிற்சாலைக்கு மதில் கட்டப் போகிறார்கள். அளக்க வந்த சர்வேயர் பழைய எல்லைக் கல்லைத் தேடுகிறார். அது நட்டிருந்த இடத்தில் மதில் எழுந்தால் கிணறு அவர்கள் பக்கம் போய்விடும். அவருக்கு அளவுச் சங்கிலி பிடிக்கும் ஹனீப் பாய் கடப்பாரையால் வரப்பைக் குத்திக்கொண்டே வருகிறார். ஒவ்வொரு குத்துக்கும் அம்மாவின் கை ஒரு கணம் நின்று போகிறது. போன வாரம் அவள் பிடுங்கிய அந்தக் கல் அவளுக்கு முன்னால்தான், துவைக்கிற கல்லாக நுரைக்குள் கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் செதுக்கிய அம்புக்குறி அடியில் சேற்றைப் பார்த்தபடி இருக்கிறது. தெரிந்தால் போலீஸ் கேஸ். “இன்னாம்மா, சட்டைய துவைக்கிறியா, சாவடிக்கிறியா?” என்கிறார் ஹனீப் பாய். “கிரீஸு பாய். போவ மாட்டேங்குது.” அம்மா தலை நிமிரவில்லை. சர்வேயர் வரைபடத்தை மடிக்கிறார். “கல்லு காணோம்னா போவட்டும். ஏரிக்கரைக் கல்லுலேர்ந்து அளந்தாலும் கோடு இங்கதான் வருது. புதுக் கல்லு வர்ற வரைக்கும் அடையாளத்துக்கு எதுனா நட்டு வைங்க.” ஹனீப் பாய் சுற்றிலும் பார்க்கிறார். வெறும் மண். பிறகு கிணற்றடியைப் பார்க்கிறார். “தோ, இங்கியே ஒண்ணு கீதே சார். கொஞ்சம் தள்ளும்மா, இத்தயே நட்டுடலாம்.” அம்மா நகரவில்லை. சட்டையை மறுபடி நனைத்து ஓங்கி அடிக்கிறாள். முதுகுப் பக்கம் நீளமாகக் கிழிகிறது. கிழிந்ததையும் அடிக்கிறாள்.