வெறும் தண்ணி

டாக்டர் ரத்த அழுத்தப் பட்டையில் மறுபடியும் காற்றை ஏற்றினாள்.

முதல் பட்டை அவன் கையைச் சுற்றி வரவில்லை. பெரிய பட்டை வாங்கிவரச் சொல்லிக் கட்டியிருந்தாள். குற்றம் பட்டையில்தான் இருக்க வேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டாள்.

பட்டையில் இல்லை. ரத்த அழுத்தம் எங்கேயோ உச்சத்தில் நின்றது.

ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். துடிப்பு ஒழுங்காக வந்தது. பிறகு தடுக்கியது. மறுபடியும் ஒழுங்கு, மறுபடியும் தடுக்கல்.

மதில்சுவர் போன்ற நெஞ்சு. முப்பதுகூட ஆகவில்லை அவனுக்கு.

பள்ளிக்கூட வகுப்பறையைத்தான் இன்று மருத்துவ அறையாக ஒதுக்கியிருந்தார்கள். அடுத்த கூடத்தில் மாவட்டப் பளுதூக்கும் போட்டி. இரும்பு விழுந்த ஒவ்வொரு முறையும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பெஞ்சில் மற்ற வீரர்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். முதல் ஆள் தேன்மொழி.

இன்று தூக்கக் கூடாது என்றாள் அவனிடம். அந்த ஊசியை இன்றோடு விட்டுவிட வேண்டும், இதயம் தாங்காது என்றாள்.

ஏழுமலை சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு.

"போன வருசம் நீங்கதானே மேடம் அது வெறும் தண்ணின்னு சொன்னீங்க? தண்ணி நெஞ்ச என்னா பண்ணிடும்?"

அவளுக்கு முகம் எரிந்தது.

சொன்னவள்தான். பயிற்சி முகாமில், மைக் பிடித்து. ஸ்டீராய்டு என்று இங்கே யாரும் சொல்வதில்லை, சத்து ஊசி என்பார்கள். சத்து என்ற சொல்லோடு யார் சண்டை போட முடியும்? போட்டால் பலம் ஏறும், ஆனால் இதயம் கெடும் என்றால் முதல் பாதி மட்டுமே காதில் விழும் என்று பயந்தாள். அதனால் ஒரே போடாகப் போட்டாள். அது வெறும் தண்ணி, காசுக்குப் பிடித்த கேடு.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அவளுக்குப் பொன்னாடையும் பிரியாணியும் கிடைத்தன.

அந்த வருடமே ஏழுமலை மாவட்டத்தில் முதலாவதாக வந்தான். வெறும் தண்ணியால் அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்தது. டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்பதும் சேர்ந்தே தெரிந்தது.

இன்று மேடை ஏறாமல் தடுத்துவிடலாம். நாளை வேறு ஊர், வேறு மேடை. ஊசியை நிறுத்த வேண்டுமென்றால் அவன் அவளை நம்ப வேண்டும். நம்ப வேண்டுமென்றால் அவள் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும்.

சொன்னால் பெஞ்சு கேட்கும்.

தேன்மொழி கேட்பாள். முகாம் முடிந்ததும் ஓடிவந்து, தனக்கும் ஒருவன் அந்த ஊசியைக் காட்டினான், வெறும் தண்ணிக்கு எதுக்கு மேடம் காசு என்று சிரித்தவள். அதற்குப் பிறகு மாநிலப் பதக்கத்தை மயிரிழையில் விட்டவள்.

அவன் எழுந்து இடுப்பு பெல்ட்டை இறுக்கினான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். இரும்பு விழும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று குரலைத் தாழ்த்தினாள்.

அந்த நேரம் பார்த்து அடுத்த கூடத்தில் யாரோ பளுக் கம்பியைப் பிடித்துவிட்டார்கள். தூக்குகிறவர் கம்பியைப் பிடித்தால் மொத்தக் கூட்டமும் வாயை மூடிக்கொள்ளும். அது இங்கே மரியாதை.

"அது தண்ணி இல்ல ஏழுமலை. நான் பொய் சொன்னேன். அது நல்லாவே வேலை செய்யும். அதுதான் உங்க இதயத்தையும் கெடுத்திருக்கு."

சொல் ஒவ்வொன்றும் அறை முழுக்கக் கேட்டது.

பிறகு இரும்பு விழுந்தது. கைதட்டல்.

அவன் சிரிப்பு போய்விட்டது. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். மெதுவாக பெல்ட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்தான்.

நம்பிவிட்டான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடுத்து" என்றாள்.

தேன்மொழி வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். சின்னப் பட்டையே போதுமாக இருந்தது. துடிப்பு சுத்தமாக இருந்தது, எங்கும் தடுக்கவில்லை. இதயம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்ல நிமிர்ந்தாள்.

தேன்மொழி அவளைப் பார்க்கவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டிருந்த ஏழுமலையின் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.