வயிற்றின் மேல் ஒரு வள்ளம்

வயிற்றில் பூசிய களி சில்லென்று குளிர்ந்தது. யாகப்பர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

கல்லடைப்பு என்று நினைத்துத்தான் பேசாலையிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர். ஸ்கான் பண்ணிய டொக்டரோ கல்லை மறந்துவிட்டு, தொப்புளுக்கு மேலே ஓரிடத்தில் கருவியை அழுத்தியபடி நெடுநேரம் நின்றார்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து அம்மா மாக்கிறட் காத்திருந்தாள். வயது எழுபத்தொன்பது. மடியில் மகனுக்குக் கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சல். பருப்பும் முருங்கைக்காயும், வேறென்ன இருக்கப்போகிறது?

பேசாலையில் பிறந்து, நாற்பது வருடம் கடலுக்குப் போய், மீனை வாயில் வைக்காத ஒரே மனிதர் யாகப்பர்தான். மடு மாதாவுக்கு நேர்த்திக்கடன் என்பார். கூடத் தொழில் செய்தவர்கள் விடுவார்களா? ஞானஸ்நானம் பெற்றவருக்கு ‘ஐயர்’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். அகதியாகப் போய் மண்டபம் முகாமில் கிடந்தபோது, எல்லோரும் பருப்பைக் கண்டு முகம் சுளிக்க, ஐயர் மட்டும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

டொக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். கறுப்பாக ஒரு வட்டம். அது துடித்துக்கொண்டிருந்தது.

நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய இரத்தக் குழாய் இந்த இடத்தில் பலூன் மாதிரி ஊதியிருக்கிறதாம். முன்பென்றால் வெடிக்கும்வரை யாருக்கும் தெரியவராதாம். வெடித்தால் வயிறும் முதுகும் பிளப்பது போல நோகும், கொஞ்ச நேரத்தில் ஆள் முடிந்துவிடும். இப்போது இப்படிக் கண்ணால் பார்க்கலாம். வயிற்றைக் கிழிக்கவும் தேவையில்லை. கொழும்பில் தொடை வழியாக ஒரு குழாயை விட்டு, ஊதிய இடத்துக்கு உள்ளே பொருத்திவிடுவார்களாம்.

யாகப்பருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. களியைத் துடைக்கத் தந்த கடதாசித் துண்டு அவருடைய வயிற்றின் மேல் கிடந்தது. அது எழும்பி எழும்பி விழுந்தது.

இந்தத் துள்ளலை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்பா அந்தோனிமுத்து கரைவாடிக் கொட்டிலுக்குள் மணலில் மல்லாந்து படுப்பார். ஒட்டிய வயிறு, உப்புப் பூத்த மார்பு, வாயில் அணைந்துபோன சுருட்டு. யாகப்பரும் தங்கை லூசியாவும் பனையோலையில் மடித்த வள்ளத்தை அவருடைய தொப்புளுக்கு மேலே வைப்பார்கள். மூச்சுக்கு ஒரு பெரிய அலை வரும். இடையில் சின்னச் சின்னதாக வேறு அலைகள். வள்ளம் துள்ளும்.

வேறு எந்தப் பிள்ளையின் அப்பாவிடமும் அப்படியொரு கடல் இருக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் ஓலை வள்ளத்தோடு வந்து முறைக்குக் காத்து நிற்பார்கள். தனக்கு இரண்டு இதயம் என்று அப்பா பெருமையடிப்பார்; ஒன்று உயிர் வாழ, மற்றது பிள்ளைகள் விளையாட. அந்த மத்தியானங்களில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைக்குமென்றால் யாகப்பர் தன் வள்ளத்தையும் எஞ்சினையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

எழுபத்துநான்காம் ஆண்டு, மடுவின் ஆடித் திருநாள் முடிந்து திரும்பிய கிழமை. ஓராமீன் குழம்போடு சோறு சாப்பிட்டு எழும்பிய அப்பா, வயிற்றையும் முதுகையும் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். கார் பிடிக்க ஓடியவர்கள் திரும்பி வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

மற்றவர்கள் இன்னும் சாப்பிட உட்காரவில்லை. மிச்சக் குழம்பைச் சட்டியோடு புதைக்கச் சொன்னாள் அப்பாவின் தாய். நஞ்சுள்ள பேத்தை மீன் கலந்திருக்கும், மாக்கிறட் பார்க்காமல் ஆய்ந்து போட்டுவிட்டாள் என்று ஒரு வாய் சொன்னது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

அது ஓராதான், தன் கையால் முள் வெட்டிய மீன் என்று அம்மா சொன்னாள். சொல்லிச் சொல்லி, ஒரு நாள் சொல்வதையே நிறுத்திவிட்டாள். கோயில் பெருநாளுக்கு அவள் கொண்டுபோகும் பலகாரம் கொண்டுபோனபடியே வீட்டுக்குத் திரும்பி வரும்.

“சிலருக்கு இது பரம்பரையா வாறது. உங்கட அப்பா எப்பிடிக் காலமானவர், ஐயா?” என்று டொக்டர் கேட்டார்.

யாகப்பரின் கண் வயிற்றுக்குப் போனது. கடதாசி துள்ளிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து அம்மாவின் பக்கத்தில் அமர்ந்தார். கொழும்பு, ஒப்பரேசன், தொடை வழியாகப் போகும் குழாய் எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவுக்கும் இதேதான் இருந்திருக்கிறது என்றார். அம்மா அழவில்லை. பார்சலில் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

நேர்த்தி என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்பாவை அடக்கம் செய்த சில நாட்களில் அம்மா சோற்றுக் கோப்பையில் வைத்த மீனைப் பார்த்துப் பயந்துபோன பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொன்ன பொய் அது. அவள் கையால் மட்டும் வேண்டாமென்றால் தெரிந்துவிடுமே என்று, எவர் கையாலும் வேண்டாமென்று விட்டார். நாற்பத்துநான்கு வருடங்கள். அம்மா அதை நேர்த்தி என்றே நம்பியிருக்கிறாள் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல்.

“அம்மா, நேர்த்தி முடிஞ்சுது. நாளைக்கு ஓரா வாங்கிக் குழம்பு வையுங்கோ.”

மாக்கிறட் மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

“வைக்கிறன் ராசா,” என்றாள். “முதல் நான் ஒரு வாய் திண்டு காட்டுறன். அதுக்குப் பிறகு நீ சாப்பிடு.”