நாட்டில் ஒரேயொரு ஸ்குகெவிக்

அவள் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பொடியன் அதைச் சொன்னான்.

"நாடு முழுக்கத் தேடிப் பாத்திட்டம். ஸ்குகெவிக் எண்ட பேரில இப்ப நீங்கள் ஒராள்தான் இருக்கிறியள்."

உண்மையில் அவன் 'நீ' என்றுதான் சொன்னான். நோர்வேயில் சின்னப் பிள்ளையும் கிழவியை 'நீ' என்றுதான் கூப்பிடும். அவள் அதைத் தனக்குள் 'நீங்கள்' என்று மாற்றிக் கேட்டுக்கொள்வாள். இல்லாவிட்டால் இந்த நாட்டில் கோபப்படாமல் ஒருநாளும் கழிக்க முடியாது.

ஒராள்தான்.

கணவர் சீவெர்ட் இருந்தவரை இரண்டு பேர். அதற்கு முன்னர் அவருடைய அக்காவும் இருந்தாள். பிள்ளைகள் யாருக்கும் இல்லை. கடைசியில், பருத்தித்துறையில் பிறந்த இவள் மட்டும்.

தபால்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உறையில் உள்ள பெயரை இன்னொரு தடவை பார்ப்பார்கள்.

பொடியன் பெயர் ஏஸ்பென். பக்கத்தில் அவன் மனைவி மாரித், நிறைமாதத்துக்குக் கிட்ட. மலையடிவாரத்துப் பண்ணையை அவளிடமிருந்து வாங்கியவர்கள் இவர்கள்தான். சீவெர்ட் போன பிறகு தனியாளாய் ஆடுகளோடு மாரடித்துப் பார்த்தாள். முடியவில்லை. விற்றுவிட்டு நகரத்தில் இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பண்ணையை வாங்கினார்கள். இப்போது பெயரையும் கேட்டு வந்திருக்கிறார்கள்.

கேட்பதில் பிழை இல்லை. இந்த ஊர்ப் பழைய வழக்கமே அதுதான். பெயர் முதலில் மண்ணுக்கு. பிறகுதான் மனிதருக்கு.

குளிர்காலம் முழுவதும் மலை மறைத்து, வெயில் எட்டிப் பார்க்காத சிறிய கடற்குடாவில்தான் அந்தப் பண்ணை. ஆகவே நிழற்குடா. அவர்கள் மொழியில் ஸ்குகெவிக். அங்கே குடியிருப்பவருக்கு அந்தப் பெயர். வேறு பண்ணைக்குப் போனால் அதை அங்கேயே விட்டுவிட்டு, போன இடத்தின் பெயரைப் போட்டுக்கொள்வார்கள்.

சீவெர்ட்டின் தாத்தாவே வேறு பெயரோடு கூலிக்கு வந்தவர்தான். பண்ணைக்காரரின் மகளைக் கட்டினார். பண்ணை கிடைத்தது, பெயரும் கிடைத்தது.

அதைச் சீவெர்ட் சிரித்துச் சிரித்துச் சொல்வார். "நாங்களும் உன்னை மாதிரித்தான். வந்து ஒட்டின ஆக்கள்."

அப்போது அவளும் சிரித்தாள். இன்று அதே கதை நெஞ்சில் இடித்தது.

இருப்பவருக்குத்தான் பெயர் என்றால், விற்றுவிட்டு வந்தவளுக்கு?

"உங்கட சம்மதம் இல்லாமல் ஏலாது," என்றாள் மாரித். "இவ்வளவு கொஞ்சப் பேர் வச்சிருக்கிற பேரை, அவை எல்லாரையும் கேளாமல் எடுக்கக் கூடாதெண்டு சட்டம். எல்லாரும் எண்டால், நீங்கள்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்லோரும் நான்தானாம்.

பெயருக்காக இவர்கள் வரப்போவதைக் கேட்டதும் ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி தவமலர் ஏசினாள். "உனக்கென்ன விசரே அக்கா? குடுத்துத் துலையன். அப்பான்ர பேர் இருக்குத்தானே உனக்கு."

இருக்கிறது. அருளம்பலம்.

ஊரில் அது ஓர் எழுத்தாக அவள் பெயருக்கு முன்னால் நின்றது. இங்கே வந்ததும் முழுப்பெயராகிப் பின்னால் போனது. கேட்டவர்கள் எல்லாம் பாதியில் தடுக்கி, மன்னிப்புக் கேட்டு, பிறகு கூப்பிடாமலே விட்டார்கள். கலியாணத்தன்று அதைக் கழற்றி வைத்தாள். அன்றைக்கு யாரும் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

அந்தப் பெயருக்குத் திரும்பிப் போகலாம். அங்கேயும் யாரும் இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில் தாதி "ஸ்குகெவிக்" என்று கூப்பிடும்போது, தங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிடுவதாகவே அவளுக்குப் படும். எழும்பும்போது பக்கத்து நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழும்புவாள். அவருக்கும் அவளுக்கும் பொதுவாக மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்.

கொடுத்தால் அதுவும் கையை விட்டுப் போய்விடும். ஆட்டை விற்றவள் ஆட்டை வைத்திருக்க முடியுமா?

பயமாக இருந்தது. இந்த வயதில், ஒரு சொல்லுக்காக.

மாரித் நாற்காலியில் சரியாக உட்கார முடியாமல் நெளிந்தாள். ஒரு கையை வயிற்றின் அடியில் கொடுத்துப் பிடித்திருந்தாள்.

சீவெர்ட்டுக்கு அவளால் ஒரு பிள்ளையைக் கொடுக்க முடியவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்தது அவளுக்குக் கூடுதலாக வலித்தது.

மாட்டேன் என்றால் பெயர் அவளோடு மண்ணுக்குள் போகும். அவ்வளவுதான்.

"ஓம்," என்றாள். "எடுங்கோ."

மாரித்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஏஸ்பென் எழும்பி வந்து, அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினான். நன்றி, நன்றி என்று விடாமல் சொன்னான்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அவளை யாரும் தொட்டுக் கனநாள்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்டால் சின்னத்தனமாக நினைப்பார்களோ என்று தயங்கினாள். ஆனாலும் கேட்டாள்.

"நான் சாகுமட்டும் நானும் அதை வச்சிருக்க, நீங்கள் ரெண்டு பேரும் சம்மதிப்பியளோ?"

குலுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "அது எப்பவும் உங்கட பேர்தான், உங்களோட சேந்து நாங்களும் வச்சிருக்கத்தானே கேட்டனாங்கள்," என்றான் ஏஸ்பென்.