அம்மா கை பட்டது

“சீ... என்னடா இது, உள்ள எலி செத்துக் கிடக்குதா?”

திறந்த வேகத்திலேயே தகர டப்பாவின் மூடியைக் கீழே போட்டாள் அக்கா. பரண் மேலிருந்து அதை இறக்கிக் கொடுத்த தம்பி குனிந்து பார்த்தான். எலிப் புழுக்கையும், கடித்துக் குதறிய நூலும் பஞ்சும், மூத்திர நாற்றமுமாக இருந்தது. அவனுக்கே குமட்டிக்கொண்டு வந்தது.

“எப்படியோ எலி பூந்திருக்குக்கா. ஆனா அடியில பாரேன்...”

“மூடு முதல்ல. கொண்டுபோய் எரிச்சுடு.”

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. வருடக் கடைசி விடுமுறைக்கு ஜன்னலில் தொங்கவிட அலங்காரங்களைத் தன் கையாலேயே செய்வாள். அக்கா கல்யாணமாகிப் போன பிறகு ஏற்பட்ட பழக்கம் அது. அதற்கப்புறம் ஒரு விடுமுறைக்கும் அக்கா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கேட்டால் நேரமில்லை என்பாள்.

இப்போது நேரம் கிடைத்துவிட்டது. புது வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்களாம். வரவேற்பறையில் மாட்டி, எங்கம்மா கையால் செய்தது என்று அவர்களிடம் காட்ட வேண்டுமாம். மகளுக்குத்தான் உரிமை என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பி வந்திருந்தாள்.

தம்பிக்கு அம்மாவின் ஞாபகமாக மிஞ்சியிருந்தது அந்த அலங்காரங்கள் மட்டும்தான். அதையும் வாரிக்கொண்டு போய்விடுவாளே என்று இரண்டு நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா கேட்டு, மாட்டேன் என்று அவன் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டி அக்காவின் கண்ணில் பட்டது. பிரித்தாள். தங்க நிறத்தில் காகித நட்சத்திரங்கள், எல்லாம் ஒரே அளவு. ஒரு மடிப்புகூடப் பிசகவில்லை.

“இதை எதுக்குடா இங்க ஒளிச்சு வெச்சே?”

“அக்கா, அது வந்து...”

“பேசாதே. எனக்குத் தெரியாம நீயே அமுக்கிக்கலாம்னு பார்த்தியா?”

அடுத்த நிமிஷம் அழுகை வந்துவிட்டது. ஒரு நட்சத்திரத்தை எடுத்து முத்தம் கொடுத்தாள். உதட்டுச் சாயம் அதில் அப்பிக்கொண்டது. ஆயுசு முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து கிடந்த கை, ஒரு துண்டுத் துணியைக்கூட வீணாக்காத கை என்று சொல்லிச் சொல்லி மூக்கை உறிஞ்சினாள். வழிந்ததைப் புறங்கையால் துடைத்து, அதே கையால் அடுத்த நட்சத்திரத்தைத் தடவிக் கொடுத்தாள்.

பிறகு நட்சத்திரத்தைக் கன்னத்தோடு வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். படத்தில் கண் மூடியிருந்ததாம். இன்னொரு தடவை அழுது, இன்னொரு படம் எடுத்தாள்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வருடத்தில் இரண்டே முறை வந்தவள் இவள். அந்த இரண்டு முறையும் அறை வாசலைத் தாண்டவில்லை. நாற்றம் தாங்கவில்லை என்று அங்கேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள். எலிப் புழுக்கையைவிட இந்த அழுகைதான் தம்பிக்கு அதிகமாகக் குமட்டியது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான். இனிமேல் சொல்லவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

பெட்டியைக் காரின் முன் இருக்கையில் குழந்தை மாதிரி உட்காரவைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டு அக்கா புறப்பட்டாள். அந்த டப்பாவை எரிக்க மறந்துவிடாதே என்று ஜன்னல் வழியாக இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து திரும்பியபோது, அவன் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தகர டப்பா கவிழ்ந்து கிடந்தது.

“அக்கா வந்தாங்களா? கேட்டதைக் குடுத்துட்டீங்களா?”

“அவளே எடுத்துக்கிட்டா. படிக்குக் கீழ இருந்த அட்டைப்பெட்டியை.”

மனைவி அவன் கையைப் பார்த்தாள். மாமியார் தைத்த துணிப் பறவை ஒன்று, ஒரு இறக்கையை எலிக்குக் கொடுத்துவிட்டு, மற்றபடி முழுசாக இருந்தது. அவள் தோள்பையைக் கூட இறக்காமல் அப்படியே நின்றாள்.

“அந்த நட்சத்திரமெல்லாம் எங்க ஆபீஸ்ல குப்பையில போடச் சொன்னதாச்சேங்க.”